‘22 பி 12’: ஹெர்மன் டீல்ஸ் செய்த வேலையும் அந்த எண்களைப் படிக்கும் முறையும்

வினாக்குறி எழுதியது:

கிரேக்கத் தத்துவ நூல்களில் ஹெராக்ளைட்டஸ் பெயருக்குப் பக்கத்தில் ‘22 பி 12’ என்று ஓர் எண் வருகிறது. ‘டீல்ஸ்–கிரான்ஸ் எண்’ என்பார்கள். இந்த டீல்ஸ் யார்? சாக்ரடீசுக்கு முந்தையவர்களின் நூல்களே கிடைக்கவில்லை என்றால் அவர் எதைத் தொகுத்தார்? எண்ணை எப்படிப் பிரித்துப் படிப்பது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

---

ஓலைநறுக்கு எழுதியது:

வணக்கம். நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். டீல்ஸின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அதற்குப் பதில் தேடியதில்தான் போனது.

தேலீஸ் முதல் டெமாக்ரிட்டஸ் வரை ஒருவருடைய நூலும் முழுதாக வந்து சேரவில்லை. பிறர் எடுத்தாண்ட மேற்கோள்களும், ‘இன்னார் இப்படிச் சொன்னார்’ என்ற சுருக்கங்களும்தான் மிச்சம். வளையாபதியும் குண்டலகேசியும் நமக்குக் கிடைத்த மாதிரிதான்: புறத்திரட்டில் கொஞ்சம், உரைகளில் கொஞ்சம். ஆனால் கிரேக்கத்தில், சொன்னவருக்கும் எடுத்துக்காட்டியவருக்கும் நடுவே சில இடங்களில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி உண்டு.

டீல்ஸ் பிறந்தது 1848 மே 18, ஜெர்மனியில் வீஸ்பாடனை ஒட்டிய பீப்ரிக்கில். பான் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஊசெனரிடம் படித்தார். அங்கே உடன் படித்தவர், பின்னாளில் புகழ்பெற்ற கிரேக்க அறிஞரான விலமோவிட்ஸ். 1870இல் முனைவர் பட்டம். ஆய்வுப்பொருள், மருத்துவர் கேலன் பெயரில் வழங்கும் ஒரு தத்துவ வரலாற்றுச் சிறுநூல். அதிலுள்ளவை எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்ற கேள்வியை அன்று கையில் எடுத்தவர், கடைசிவரை அதை விடவில்லை.

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழக வேலை கிடைத்துவிடவில்லை. ஃப்ளென்ஸ்பர்க், ஹாம்பர்க், பெர்லின் என்று பத்தாண்டுக்குக் குறையாமல் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவரை ஐரோப்பா முழுக்க அறியவைத்த ‘டாக்ஸோகிராஃபி கிரேசி’ (1879) அந்தப் பள்ளிக்கூட ஆண்டுகளில் எழுதியது. பெர்லின் அகாதமியின் பரிசு பெற்ற நூல் என்று அதன் தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கும். 1881இல் அகாதமி உறுப்பினர், 1882இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் துணைநிலைப் பேராசிரியர், 1886இல் முழுப் பேராசிரியர். 1895 முதல் 1920 வரை அகாதமியின் செயலர்களில் ஒருவர். மறைந்தது 1922 ஜூன் 4.

1879 நூலில் செய்தது என்ன என்று பார்த்தால்தான் அந்த மனிதர் பிடிபடுவார். ‘டாக்ஸோகிராஃபர்’, அதாவது முன்னோர் கருத்துகளைத் தொகுத்துக் கொடுத்தவர், என்ற சொல்லே அவர் உண்டாக்கியதுதான். அவர் முன் இரண்டு பழைய தொகுப்புகள் இருந்தன. ஒன்று புளூட்டார்க் பெயரில் வழங்குவது, ஆனால் அவர் எழுதாதது. மற்றது ஸ்டோபேயஸ் தொகுத்த திரட்டு. இரண்டிலும் வரிக்கு வரி ஒத்துப்போகும் இடங்கள் ஏராளம். ஆனால் முதலாவதில் உள்ள சில செய்திகள் இரண்டாவதில் இல்லை, இரண்டாவதில் உள்ள பல முதலாவதில் இல்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருந்தால் இப்படி நேராது. ஆகவே இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலநூல் இருந்து தொலைந்திருக்க வேண்டும். அதே செய்திகள் சிலவற்றைக் கையாளும் 5ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ ஆசிரியர் தியோடோரெட், ஏய்ட்டியஸ் என்று ஒரு பெயரையும் சொல்கிறார். காணாமல்போன நூலின் ஆசிரியர் அவரே என்று டீல்ஸ் முடிவுகட்டினார். பிறகு இரண்டு தொகுப்புகளையும் பக்கம் பக்கமாக இரு பத்திகளில் எதிரெதிரே அச்சிட்டார். வாசகர் கண்ணாலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

போலிப் புளூட்டார்க் அத்தியாய வரிசையைக் காப்பாற்றுவார், உள்ளே வெட்டிச் சுருக்குவார். ஸ்டோபேயஸ் செய்தியை நிறைவாகத் தருவார், வரிசையைக் கலைப்பார். ஒருவரிடமிருந்து எலும்புக்கூடு, மற்றவரிடமிருந்து சதை. ஏய்ட்டியஸுக்குப் பின்னால் கி.மு. முதல் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்று, அதற்கும் பின்னால் அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் எழுதிய இயற்கைக் கொள்கைகளின் தொகுப்பு என்று ஒரு குடிவழியே வரைந்தார். 260 பக்கத்தைத் தாண்டும் அந்த லத்தீன் முன்னுரையை இன்றைக்கும் விலக்கிவிட்டுப் போக முடியாது.

---

பாடபேதம் எழுதியது:

ஓலைநறுக்கு சொன்னதோடு அரிஸ்டாட்டில் உரைகளின் வரிசையையும் சேர்க்க வேண்டும். கிரேக்க உரையாசிரியர்கள் அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய உரைகளை பெர்லின் அகாதமி 1882 முதல் 1909 வரை 23 தொகுதிகளாக வெளியிட்டது. நடத்தியவர் டீல்ஸ். அவரே பதிப்பித்தது சிம்ப்ளிசியஸின் ‘இயற்பியல்’ உரை. 1882இலும் 1895இலும் இரண்டு தொகுதிகள், தொடர் எண்ணில் 1366 பக்கம்.

சிம்ப்ளிசியஸ் கி.பி. 6ஆம் நூற்றாண்டுக்காரர். சாக்ரடீசுக்கு முந்தைய தத்துவரான பார்மனைடீஸின் செய்யுள் நூல் அரிதாகிவிட்டதால் அடிகளைச் சேர்த்தே எழுதிவைக்கிறேன் என்று அவரே சொல்கிறார். அப்படி 145, 146ஆம் பக்கங்களில் ஒரே மூச்சில் 52 அடிகள். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் பார்மனைடீஸின் மையப் பகுதி நமக்கு இல்லை.

அதே உரையின் 24ஆம் பக்கத்தில் அனாக்சிமாண்டரின் வாக்கியம் வருகிறது. மேலைத் தத்துவத்தில் எஞ்சியவற்றுள் மிகப் பழைய வாக்கியம் என்று பலரும் கொள்வது. ஏறத்தாழ இப்படி: பொருள்கள் எவற்றிலிருந்து தோன்றினவோ அவற்றுக்குள்ளேயே அழிகின்றன, ‘கடப்பாட்டின்படி, ஏனெனில் அவை தம் அநீதிக்காக ஒன்றுக்கொன்று தண்டமும் ஈடும் செலுத்துகின்றன, காலத்தின் ஒழுங்கின்படி’. கவித்துவமான சொற்களில் அவர் இப்படிச் சொல்கிறார் என்று சிம்ப்ளிசியஸ் உடனே சேர்க்கிறார்.

இதில் ‘ஒன்றுக்கொன்று’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரேக்கத்தில் ‘அல்லேலோயிஸ்’, ஒரே சொல். 1526இல் வெனிஸில் ஆல்டைன் அச்சகம் வெளியிட்ட பதிப்பில் அது விடுபட்டுப்போனது. அந்த அச்சின் வழியே வாசித்தவர்களுக்கு வாக்கியத்தின் பொருளே திரும்பிவிட்டது. தோன்றியதே ஒரு குற்றம், அழிவு அதற்குத் தண்டனை என்று படித்தார்கள். நீட்சேயின் விளக்கம் இந்தத் தடத்தில் போவதுதான். சுவடிகளில் அந்தச் சொல் இருக்கிறது. சேர்த்துப் படித்தால் வெப்பமும் குளிரும், ஈரமும் வறட்சியும் போன்ற எதிரெதிர் சக்திகள் மாறி மாறி மிஞ்சி, மாறி மாறி ஈடு கொடுக்கும் கணக்கு வருகிறது. குற்றம் இருத்தலில் இல்லை, ஒன்று மற்றதன் எல்லைக்குள் புகுவதில் இருக்கிறது. டீல்ஸின் 1882 பதிப்பு அந்தச் சொல்லைச் சுவடிச் சான்றோடு உரிய இடத்தில் நிறுத்தியது.

மேற்கோள் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதும் தீராத வழக்கு. கிரேக்கச் சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. ‘கடப்பாட்டின்படி’ என்பதற்கு முன்னால் உள்ளவை அனாக்சிமாண்டரின் சொற்களா, சிம்ப்ளிசியஸுக்கு மூலமான தியோஃப்ராஸ்டஸ் தம் நடையில் சுருக்கியவையா? நவீன நூல்களில் நீங்கள் பார்க்கும் மேற்கோள் குறி, பதிப்பாசிரியர் சொன்ன ஒரு தீர்ப்பு.

---

வினாக்குறி எழுதியது:

மிக்க நன்றி. இடையில் ஒரு சின்னச் சந்தேகம். வேதியியலில் டீல்ஸ்–ஆல்டர் வினை என்று படிக்கிறோமே, அந்த டீல்ஸுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

---

கடலோடி எழுதியது:

உண்டு. அவர் ஓட்டோ டீல்ஸ், இவருடைய மகன். 1876இல் ஹாம்பர்க்கில், அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தபோது பிறந்தவர். குர்ட் ஆல்டருடன் சேர்ந்து 1950இல் நோபல் பரிசு பெற்றார். அண்ணன் லூட்விக் தாவரவியலாளர், தம்பி பவுல் ஸ்லாவிய மொழியியலாளர்.

---

ஓலைநறுக்கு எழுதியது:

இனி எண் முறை. ‘டீ ஃப்ராக்மென்டே டெர் ஃபோர்சோக்ராட்டிக்கர்’ 1903இல் பெர்லினில் வந்தது. முதல் நோக்கம், விரிவுரை கேட்கும் மாணவர் கையில் மூலத்தைக் கொடுப்பது. டீல்ஸ் காலத்திலேயே விரிந்துகொண்டு போனது. 1934–37இல் வந்த ஐந்தாம் பதிப்பைத் திருத்தியவர் அவருடைய மாணவர் வால்தர் கிரான்ஸ். அதனால்தான் இரட்டைப் பெயர். முந்தைய பதிப்புக்குச் சொல்லடைவு செய்து கொடுத்தவரும் கிரான்ஸ்தான்.

‘22 பி 12’ என்பதில் 22 ஆளைக் குறிக்கும் அத்தியாயம், இங்கே ஹெராக்ளைட்டஸ். நடுவெழுத்து வகை. ‘ஏ’ என்றால் சான்றுரை: அவருடைய வாழ்க்கை, கருத்து பற்றிப் பிறர் சொன்னவை. ‘பி’ என்றால் அவர் சொற்களே என்று டீல்ஸ் கொண்டவை. ‘சி’ என்றால் பிற்காலப் போலச்செய்தல். 12 அந்த வகைக்குள் வரிசை எண்.

பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த நூலில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ‘பி’ பகுதிக்குத்தான் கொடுத்திருக்கிறது. ‘ஏ’ கிரேக்கத்திலும் லத்தீனிலும் அப்படியே நிற்கும். 1948இல் கேத்லீன் ஃப்ரீமன் ஆங்கிலத்தில் தந்ததும் ‘பி’ மட்டும்தான். இதனால் ‘ஏ’ என்பது இரண்டாந்தரச் சரக்கு என்ற எண்ணம் பல வாசகர்களிடம் படிந்துவிட்டது. தேலீஸையும் அனாக்சிமெனீஸையும் பற்றி உருப்படியாகத் தெரிந்தவை பெரும்பாலும் ‘ஏ’யில்தான் கிடக்கின்றன.

---

தென்னிலை எழுதியது:

ஓலைநறுக்கு ஐயா டீல்ஸைப் பற்றிச் சொல்லும் மதிப்பு எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த எண் முறை செய்த சேதத்தையும் சொல்லியாக வேண்டும்.

ஹெராக்ளைட்டஸ் துணுக்குகளின் வரிசையைப் பாருங்கள். முதல் இரண்டும் நூலின் தொடக்கம் என்று கருதத்தக்கவை. அதன் பிறகு மேற்கோள் காட்டியவரின் பெயர் (லத்தீன் எழுத்தில்) அகரவரிசைதான்! ஏய்ட்டியஸ் 3ஆம் எண், அரிஸ்டாட்டில் 6, கிளெமென்ட் 14 முதல், ஹிப்போலைட்டஸ் 50 முதல், புளூட்டார்க் 85 முதல், ஸ்டோபேயஸ் 108 முதல். ஹெராக்ளைட்டஸ் நறுக்குகளாகவே எழுதியவர், அவற்றின் மூல வரிசையை மீட்க முடியாது என்பது டீல்ஸின் நிலை. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் விளைவு?

1962இல் தெசலோனிக்கி அருகே டெர்வேனியில் ஒரு கல்லறையில், கரிந்த பப்பைரஸ் சுருள் கிடைத்தது. அதன் நான்காம் பத்தியில் ஹெராக்ளைட்டஸ் மேற்கோள் வருகிறது: சூரியன் மனிதப் பாதத்தின் அகலம் உடையது, அது தன் எல்லையை மீறாது, மீறினால் நீதிக்குத் துணைநிற்கும் பழிவாங்கும் தேவதைகளான எரினியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்தடுத்து, ஒரே பேச்சாக. டீல்ஸிடம் பாதத்தின் அகலம் பி 3, எரினியர்கள் பி 94. ஒன்று ஏய்ட்டியஸிடமிருந்து வந்தது, மற்றது புளூட்டார்க்கிடமிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் நடுவில் 90 துணுக்குகள் உட்கார்ந்திருந்தன. பி 3ஐத் தனியாகப் படித்தவர்கள் அதை வெறும் வானியல் பிழையாக எண்ணினார்கள். சேர்த்துப் படித்தால் அளவையும் எல்லையையும் பற்றிய கூற்று.

---

ஓலைநறுக்கு எழுதியது:

தென்னிலை சொன்னது சரி, மறுக்கவில்லை. இன்னொரு சான்றையும் நானே தருகிறேன். எம்பெடாக்ளீஸுக்கு ‘இயற்கை’, ‘தூய்மைச் சடங்குகள்’ என்று இரண்டு பாடல்கள் உண்டு என்று கொண்டு டீல்ஸ் துணுக்குகளைப் பங்கிட்டார். இயற்பியல் வாடை அடித்தால் முதலாவது, ஆன்மா, பாவம், புலால் என்றால் இரண்டாவது. 31 பி 139 இரண்டாவதில் போய்ச் சேர்ந்தது: புலாலுண்ணும் கொடுமையை எண்ணுமுன்பே இரக்கமற்ற அந்த நாள் என்னை அழித்திருக்கக் கூடாதா என்ற புலம்பல் அது. ஸ்ட்ராஸ்பர்க் நூலகத்தில் 1904இலேயே வாங்கிவைத்த ஒரு பப்பைரஸின் 52 சிதறல்கள் எம்பெடாக்ளீஸுடையவை என்று தெரியவந்து 1999இல் பதிப்பாயின. அந்தப் புலம்பல் அடிகள் அங்கே இயற்கைப் பாடலின் நடுவில் இருக்கின்றன. ஓரத்தில் 300ஆம் அடி என்ற எண்ணிக்கைக் குறியும் உண்டு. பதிப்பாசிரியர்கள் மார்ட்டினும் பிரிமவேசியும் அதை வைத்து, இயற்கைப் பாடலைச் சேர்ந்த பி 17 என்ற துணுக்கு முதல் புத்தகத்தில் எந்த அடியில் தொடங்கியது என்றே கணக்கிட்டார்கள்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். புதிய பப்பைரஸில் ஒரு சிதறலைப் பார்த்ததும் ‘இது பி 17, இது பி 139’ என்று சொல்ல முடிந்ததே டீல்ஸ் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்ததால்தான். அகரவரிசையும் அப்படித்தான். அது பொருள் சொல்லவில்லை, ஆனால் யார் கையிலிருந்து வந்தது என்பதை மறைக்கவும் இல்லை. அவரவர் கொள்கைப்படி வரிசை அமைத்தவர்களின் பதிப்புகளில் அந்தத் தடம் அழிந்துபோகிறது.

ஏய்ட்டியஸ் விஷயத்திலும் குடிவழி டீல்ஸ் வரைந்த அளவுக்கு நேர்கோடாக இருந்திருக்காது. மான்ஸ்ஃபெல்டும் ருனியாவும் 1997 தொடங்கிப் பல தொகுதிகளாக அதைச் சலித்து 2020இல் புதிய மீட்டுருவாக்கமே வெளியிட்டார்கள். அவர்களும் தொடங்கியது டீல்ஸின் அந்த இரண்டு பத்திகளிலிருந்துதான்.

---

பாடபேதம் எழுதியது:

வினாக்குறி, நடைமுறையில் ஒரு துணுக்கை எப்படிச் சோதிப்பது என்று நீங்கள் கேட்ட 22 பி 12ஐ, அதாவது ஆற்றுத் துணுக்கை, வைத்தே காட்டுகிறேன்.

முதலில் துணுக்கின் தொடக்கத்தில் எண்ணை ஒட்டியுள்ள மூலக் குறிப்பைப் படியுங்கள். எங்கிருந்து எடுத்தது என்பது அங்கே இருக்கும். பி 12க்கு அது ஆரியஸ் டிடிமஸ். அவருடைய நூலும் தொலைந்தது, யூசேபியஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் எடுத்தாண்டதால் மிஞ்சியது. ஆக ஹெராக்ளைட்டஸின் வாக்கியம் இரண்டு கை மாறி வந்திருக்கிறது.

அடுத்து, அந்த மூல நூலைத் திறந்து முன்னும் பின்னும் பத்துப் பத்து வரி படியுங்கள். இதைத் தவறவிடுபவர்களே அதிகம். அங்கே பேச்சு ஆற்றைப் பற்றியே இல்லை. ஆன்மா ஆவியாக எழுவது என்று ஸ்டோயிக்கர் ஸீனோ சொன்னதை ஹெராக்ளைட்டஸோடு ஒப்பிட்டு ஸீனோவின் மாணவர் கிளியாந்தெஸ் விளக்குகிறார். ‘அதே ஆறுகளில் இறங்குவோர் மேல் வேறு வேறு நீர்கள் பாய்கின்றன’ என்பதோடு ‘ஆன்மாக்களும் ஈரத்திலிருந்து ஆவியாகின்றன’ என்று ஒரு வாக்கியம் ஒட்டிவருகிறது. டீல்ஸ் இரண்டையும் பி 12இல் வைத்தார். இரண்டாவது கிளியாந்தெஸின் சொல் என்று வெட்டுபவர்களும் உண்டு.

பிறகு இணைத் துணுக்குகள். ‘ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது’ என்று எல்லோரும் சொல்லும் வாசகம் பி 12 கிடையாது. அது புளூட்டார்க் வழியாக வரும் பி 91. அதற்கும் முன்னால் பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ 402 அதையே சுருக்கமாகச் சொல்கிறது. டீல்ஸ் அதை ‘ஏ 6’இல் வைத்தார். ‘இறங்குகிறோம், இறங்கவில்லை’ என்ற பி 49ஏ ஹோமர் பாடல்களுக்கு உருவகப் பொருள் சொன்ன இன்னொரு ஹெராக்ளைட்டஸ் வழியாக வந்தது. இவற்றை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ‘முடியாது’ என்ற மறுப்பு பி 12இல் இல்லை. ஆறு அதேதான், நீர்தான் வேறு. எது மூலச் சொல், எது பிளேட்டோவுக்குப் பின் வந்த சாயல் என்ற கேள்வி அப்போது தானாக எழும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. பி 12இல் ‘அதே’ என்ற சொல் கிரேக்கத்தில் ‘ஆறுகளில்’ என்பதற்கும் ‘இறங்குவோர்’ என்பதற்கும் நடுவில் நிற்கிறது. வேற்றுமை உருபு இரண்டுக்கும் பொருந்தும். தமிழில் இடம் மாற்றாமல் தர முடியாது என்பதால் அடிக்குறிப்பு போட்டே ஆக வேண்டும்.

கடைசியாக, ஆறாம் பதிப்பில் தொகுதியின் இறுதியிலுள்ள ‘சேர்க்கைகள்’ பகுதியைப் புரட்டுங்கள். திருத்தங்கள் அங்கே ஒதுங்கிக் கிடக்கும். லாக்ஸும் மோஸ்டும் 2016இல் வெளியிட்ட ஒன்பது தொகுதிகளில் பகுப்பே வேறு: ஆள், கொள்கை, பிற்கால ஏற்பு என்று மூன்று. பழைய எண்ணோடு ஒப்பீட்டு அட்டவணையும் அதில் உண்டு.

மேற்கோள் காட்டியவர் நண்பரா பகைவரா என்பதும் முக்கியம். பி 50 முதல் 67 வரை தந்த ஹிப்போலைட்டஸ், நோயிட்டஸ் என்பவரின் சமயப் பிழைக்கு வேர் ஹெராக்ளைட்டஸ்தான் என்று காட்டுவதற்காகவே அவற்றை அடுக்கினார். நீலகேசி குண்டலகேசியை மறுக்க எழுந்த மாதிரி. பகைவர் சொல்லுக்குச் சொல் சரியாகவே எடுத்தெழுதலாம். ஆனால் தமக்கு வேண்டிய பொருளுக்கு வளையும் வாக்கியங்களைத்தான் தேர்ந்தெடுப்பார்.

---

கடலோடி எழுதியது:

டீல்ஸ் வெறும் எண் போட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய 1897 பார்மனைடீஸ் பதிப்பின் பின்னிணைப்பைப் பாருங்கள். தலைப்பு, கிரேக்கக் கதவுகளும் பூட்டுகளும்!

காரணம் இருக்கிறது. பாடலின் முன்னுரையில் தேர் இரவு பகல் வாயிலை அடைகிறது. 11 முதல் 20 வரையுள்ள அடிகளில் மேல்நிலை, கல் நிலைப்படி, நீதித்தேவி வைத்திருக்கும் சாவி, தாழ்ப்பாள், வெண்கலத் தண்டுகள், முளைகளும் ஆணிகளும் என்று ஒரு தச்சர் பட்டியலே வருகிறது. கீலில் தொங்கும் கதவை மனத்தில் வைத்துப் படித்தால் ஒன்றும் பொருந்தாது. இது குடுமிக் கதவு. ‘ஆக்சோன்’ என்பது குடுமியுள்ள நெடுந்தண்டு, ‘சிரின்க்ஸ்’ அது நின்று சுழலும் குழி. தாழ்ப்பாளுக்குப் பார்மனைடீஸ் போடும் அடைமொழி ‘பலனோட்டோன்’. பலனோஸ் என்றால் ஓக் மரக் கொட்டை. கொட்டை வடிவ முளை மேலிருந்து தாழ்ப்பாளின் துளைக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும், சாவி அதைத் தூக்கினால்தான் தாழ் நகரும். நீதியை மென்மொழியால் இணங்கவைத்த பிறகே வாயில் திறக்கிறது என்ற வரி இந்தப் பொறியமைப்பு தெரிந்தால் எவ்வளவு துல்லியமாக விழுகிறது!

இன்னொரு அழகு. 6ஆம் அடியில் தேரின் அச்சு குடத்துக்குள் உரசி ‘சிரின்க்ஸ்’ ஓசை எழுப்புகிறது, அங்கே குழலோசை. அதே இரண்டு சொற்கள், ஆக்சோனும் சிரின்க்ஸும், கதவில் திரும்ப வருகின்றன. கைத்தொழில் தெரியாமல் இந்த இரட்டை ஒலிப்பு காதில் விழாது. 1914இல் அவர் வெளியிட்ட பண்டைத் தொழில்நுட்ப விரிவுரைகளிலும் கதவும் பூட்டும் மறுபடி இடம்பெற்றன.

---

பாடபேதம் எழுதியது:

கடலோடி அந்த முன்னுரையைத் தொட்டதால் அதிலிருந்தே இரண்டு எச்சரிக்கைகள்.

29ஆம் அடி ‘உண்மையின் அசையாத நெஞ்சம்’ என்கிறது. அந்த உண்மைக்கு முன்னால் உள்ள அடைமொழி, அடிகளை எடுத்தாண்ட பழைய ஆசிரியர்களில் ஐயவாதி செக்ஸ்டஸிடம் ‘நன்கு இணங்கவைக்கும்’, சிம்ப்ளிசியஸிடம் ‘நன்கு வட்டமான’, புரோக்ளஸிடம் ‘நன்கு ஒளிரும்’. டீல்ஸ் வட்டத்தை எடுத்தார். மொழிபெயர்ப்பில் ‘வட்டமான உண்மை’ என்று படித்து, அதன் மேல் ஒரு கொள்கையே கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் பாருங்கள்.

3ஆம் அடியில் அறிந்த மனிதனை ‘எல்லா நகரங்கள் வழியாகவும்’ பாதை கொண்டுசெல்கிறது என்று டீல்ஸ்–கிரான்ஸ் பதிப்பில் இருக்கும். செக்ஸ்டஸ் சுவடி ஒன்றில் ‘ஆஸ்டே’, அதாவது நகரங்கள், என்று இருப்பதாக செக்ஸ்டஸின் பதிப்பாசிரியர் முட்ஷ்மன் தெரிவித்ததை நம்பி வந்த பாடம் அது. 1968இல் காக்சன் என்ற ஆய்வாளர் சுவடியை மறுபடி பார்த்தபோது அங்கே ‘ஆட்டே’ என்றுதான் இருந்தது. ‘ஸ்’ இல்லவே இல்லை. அடிக்குறிப்பையும் ஒருநாள் சுவடியோடு ஒப்புநோக்க வேண்டியிருக்கும்.

---

வினாக்குறி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு குழப்பம் மிச்சம். பழைய நூல் ஒன்றில் ஹெராக்ளைட்டஸ் ‘12 பி 1’ என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

---

ஓலைநறுக்கு எழுதியது:

பிழை இல்லை, பழைய எண். ஐந்தாம் பதிப்பில் கிரான்ஸ் ஆர்ஃபியஸ், ஹெசியட் முதலிய பழம்பாடல்களை முன்னால் கொண்டுவந்து 1 முதல் 10 வரை வைத்தார். மற்றவர்கள் கீழே தள்ளப்பட்டார்கள். தேலீஸ் 1 ஆக இருந்தவர் 11 ஆனார். ஹெராக்ளைட்டஸ் 12இலிருந்து 22, பார்மனைடீஸ் 18இலிருந்து 28, எம்பெடாக்ளீஸ் 21இலிருந்து 31. எல்லோருக்கும் பத்தைக் கூட்டினால் போதும் என்று எண்ணாதீர்கள். பின்னால் வருபவர்களுக்கு இடைவெளி கூடுகிறது: அனாக்சகோரஸ் 46இலிருந்து 59, டெமாக்ரிட்டஸ் 55இலிருந்து 68. துணுக்கு எண் பெரும்பாலும் மாறவில்லை.

பொறி எங்கே என்றால், இன்றைய எண்ணில் ‘12 பி 1’ அனாக்சிமாண்டர், மேலே பாடபேதம் விளக்கிய அதே வாக்கியம். ‘21’ இன்று செனோஃபனீஸ். ஆகவே 1934க்கு முந்தைய நூல் என்றால் எண்ணை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெராக்ளைட்டஸுக்கு மட்டும் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சிலர் பைவாட்டர் 1877இல் போட்ட எண்ணைப் பயன்படுத்துவார்கள். அதில் எழுத்து இருக்காது, வெறும் எண்தான்.